பொறுத்தலும் சொல்லுதலும்

மூணாற்றிலிருந்து தேனிக்குச் செல்லும் சாலை போடிமெட்டைத் தாண்டியதும் 17 கொண்டை ஊசி வளைவுகளாகச் சுருண்டு சமவெளியை அடைகிறது. தேவிகுளம் வட்டத்துத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு அது பழகிய வழி. குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கவும், உறவினர் வீட்டுத் திருமணத்துக்கும், பிள்ளைகளின் கல்லூரிப் படிப்புக்கும் அவ்வழியே போய் வருவர். குடும்பத்தில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று உறுதியாகி, கீமோதெரபி தொடங்க மருத்துவர் நாள் குறித்துக் கொடுத்த பின்னர் அதே வழி முன்போல் இருப்பதில்லை. திரும்பி ஏறும்போது எந்த நிலையில் இருப்போமோ என்ற எண்ணம் ஒவ்வொரு வளைவிலும் உடன் வருகிறது.

பாலக்காட்டு எல்லையில் கடக்க வேண்டிய மலைச்சாலை இல்லை. அச்சம் மட்டும் அதேதான். கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, கோவிந்தாபுரம், வாளையாறு முதலிய ஊர்களின் தமிழ் மக்கள் சிலர் கோயம்புத்தூருக்கும், சிலர் பாலக்காட்டுக்கும் திருச்சூருக்கும் சிகிச்சைக்குச் செல்கின்றனர். வீட்டில் பேசுவது ஒரு மொழி, மருத்துவமனைப் பலகை இன்னொரு மொழி, ஃபைலில் எழுதப்படுவது மூன்றாவது மொழி. இவற்றுக்கிடையில் தமக்கு என்ன நடக்கப் போகிறது என்பதை நோயாளி அண்டை வீட்டாரின் கதைகளிலிருந்தே பெரும்பாலும் அறிகிறார். அந்தக் கதைகளில் பிழைத்தவர் குறைவாகவே இருப்பார். பிழைத்தவர்கள் கொழுந்து எடுக்கவோ கடை திறக்கவோ போய்விடுகிறார்கள். அவர்களைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை.

இந்தச் சூழலில் இறையன்பர் ஒருவர் எதைப் பற்றிக்கொள்வார்? தாம் படித்த நூல்களையும் கேட்ட சொற்பொழிவுகளையும்தான். அங்கே அவருக்குக் கிடைக்கும் முதல் சொல் 'திதிக்ஷை'. இன்பதுன்பங்களைப் பொறுத்தல் என்பது அதன் பொருள். உயர்ந்த சொல்தான். ஆனால் கீமோதெரபி தொடங்கும் ஒருவர் அதைத் தவறாகப் பொருள்கொண்டால் உயிருக்கே இடர் நேரக்கூடும் என்பதால், அதைச் சற்று நின்று ஆராய வேண்டியிருக்கிறது.

திதிக்ஷை என்பது எது?

வேதாந்த சாதகனுக்கு வேண்டிய ஆறு செல்வங்களாகச் சமம், தமம், உபரதி, திதிக்ஷை, சிரத்தை, சமாதானம் ஆகியவற்றை ஆசாரியர்கள் கூறுவர். சங்கரர் அருளியதாகப் போற்றப்படும் விவேகசூடாமணி, திதிக்ஷைக்கு மூன்று அடையாளங்களைத் தருகிறது. துன்பங்களை அவற்றுக்கு எதிர்ச்செயல் தேடாமல் தாங்குதல் ஒன்று. கவலை இன்றித் தாங்குதல் இரண்டு. புலம்பல் இன்றித் தாங்குதல் மூன்று.

பின்னிரண்டையும் ஏற்பதில் ஒருவருக்கும் தயக்கமில்லை. இடறுவது முதலாவதில்தான். எதிர்ச்செயல் தேடாமை என்றால் மருந்தே வேண்டாமா? "வந்தது வரட்டும், அவன் சித்தம்" என்று இருந்துவிடுவதுதான் பக்தியா? வீட்டுத் திண்ணைகளில் இன்றும் இக்கேள்வி எழுகிறது. சில இடங்களில் சிகிச்சையே நின்றுபோகிறது.

இதற்கு விடையைப் பகவத்கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் காணலாம். அதன் 14-ஆம் சுலோகத்தில், குளிரும் வெப்பமும் இன்பமும் துன்பமும் புலன்களின் தொடர்பால் வருபவை, வந்து போகிறவை, நிலையற்றவை, ஆகையால் அவற்றைப் பொறுத்துக்கொள் என்று அர்ச்சுனனுக்குக் கண்ணன் உபதேசிக்கிறான். இதை மட்டும் தனியே எடுத்துக்கொண்டால், பேசாமல் உட்கார்ந்திரு என்று பொருள் கொள்ளத் தோன்றும். ஆனால் அர்ச்சுனன் ஏற்கெனவே வில்லைக் கீழே வைத்து உட்கார்ந்துதான் இருந்தான். 3-ஆம் சுலோகம் அவனைத் தளர்ச்சி நீங்கி எழச் சொல்கிறது. 18-ஆம் சுலோகம் போர் செய்யச் சொல்கிறது. பொறுத்தல் என்ற உபதேசம் இவ்விரு கட்டளைகளுக்கும் நடுவே அமைந்துள்ளது. செய்ய வேண்டியதைச் செய்கையில் இடையே வரும் குளிரையும் வெப்பத்தையும் கண்டு விட்டு ஓடாதே என்பதே அதன் கருத்து. அந்த வகையில் பார்த்தால், சிகிச்சையை ஏற்றல் செயல். அதன் போக்கில் வருபவற்றைத் தாங்குதல் திதிக்ஷை.

திருவண்ணாமலையில் பகவான் ரமணரின் இறுதி ஆண்டுகளும் இங்கே நினைவுகூரத் தக்கவை. 1948-இன் இறுதியில் அவரது இடது கையில் முழங்கைக்கருகே சிறு கட்டி ஒன்று தோன்றியது. அது புற்றுநோய் என்று பின்னர் தெரியவந்தது. தமக்கென்று அவர் சிகிச்சையை நாடவில்லை. ஆயினும் மருத்துவர்களையும் அன்பர்களையும் தடுக்கவும் இல்லை. நான்கு முறை அறுவைச் சிகிச்சைக்கு இசைந்தார். 1950 ஏப்ரல் 14 அன்று மகாசமாதி அடைந்தார். ஞானியின் உடலுக்கே அந்நோய் வந்ததென்றால், நோயைத் தெய்வத்தின் தண்டனை என்று எண்ணித் தன்னையே நொந்துகொள்பவர் அந்த எண்ணத்தை மீண்டும் ஆராய்ந்து பார்க்கலாம்.

மருந்து வந்த வழி

கீமோதெரபி என்பது நஞ்சு என்று கூறுவோர் உண்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது. மிக விரைவாகப் பெருகும் உயிரணுக்களை அது தாக்குகிறது. புற்றணுக்கள் அத்தகையவை. எலும்பு மஜ்ஜை, மயிர்க்கால், வாயின் உட்புறம், குடலின் உட்சுவர் ஆகியவற்றின் நல்ல அணுக்களும் விரைந்து பெருகுபவையாதலால் அவையும் அடிபடுகின்றன. இரத்த அணுக்கள் குறைவது, முடி உதிர்வது, வாய்ப்புண், வாந்தி, வயிற்றுப்போக்கு ஆகிய எல்லாவற்றுக்கும் இதுவே காரணம். நல்ல அணுக்கள் மீண்டெழுவதற்காகவே ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் இடையில் பெரும்பாலும் மூன்று வாரம் விடப்படுகிறது. இந்த ஒரு செய்தியை யாரேனும் பொறுமையாக எடுத்துச் சொல்லிவிட்டால், முடி உதிரும்போது "நோய் முற்றிவிட்டது" என்று கலங்க வேண்டியிருக்காது.

இம்மருத்துவத்தின் தோற்றத்தில் ஓர் இந்தியரின் வாழ்வு பின்னிப் பிணைந்துள்ளது. எல்லாப்பிரகடா சுப்பாராவ் 1895-இல் ஆந்திரத்துப் பீமவரத்தில் பிறந்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோற்று, மூன்றாம் முறை சென்னையில் படித்துத் தேறினார். மாநிலக் கல்லூரியில் பயின்றபோது துறவு வாழ்வில் நாட்டம் மிகுந்து இராமகிருஷ்ண மிஷனில் சேர விரும்பினார். தாயின் இசைவு கிடைக்கவில்லை. பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதராடை அணிந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியரின் மனக்கசப்புக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழையே பெற்றார். அவருடைய சகோதரர் இருவர் ஸ்ப்ரூ என்னும் குடல் நோயால் அடுத்தடுத்து இறந்தனர். 1923-இல் அவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்தார்.

ஹார்வர்டிலும், 1940 முதல் லெடர்லி ஆய்வகத்திலும் அவர் உழைத்தார். அவர் தலைமையிலான குழு 1945-இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியது. தம் சகோதரர்களைக் கொண்டுபோன நோய்க்கு மருந்தாகும் பொருள் அது. அதே காலத்தில் சிட்னி ஃபார்பர் என்னும் மருத்துவர், இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு ஃபோலிக் அமிலம் கொடுத்தால் நோய் விரைவதாகக் கண்டார். அப்படியானால் அதன் செயலைத் தடுக்கும் பொருள் நோயையும் தடுக்குமா? சுப்பாராவின் குழு அத்தகைய பொருள்களைச் செய்து அனுப்பியது. அவற்றுள் அமினோப்டெரினைப் பெற்ற 16 குழந்தைகளுள் 10 பேருக்கு நோய் தணிந்ததை 1948 ஜூன் மாதம் ஃபார்பர் வெளியிட்டார். அந்தத் தணிவு சில மாதங்களே நீடித்தது. ஆனால் அதுவரை அந்நோய்க்கு அந்த அளவு தணிவும் கிட்டியதில்லை. அதன் நெருங்கிய உறவான மெத்தோட்ரெக்ஸேட் இன்றும் மருத்துவமனைகளில் ஏற்றப்படுகிறது. சுப்பாராவ் அதே 1948 ஆகஸ்டில் தமது 53-ஆம் வயதில் நியூயார்க்கில் காலமானார். துறவியாக விரும்பிய அந்த மனிதர் தம் பெயரை எங்கும் நிறுத்திக்கொள்ள முயன்றதில்லை. அதனாலேயே அவரை நாடு நெடுங்காலம் அறியாதிருந்தது. 1995-இல், அவரது நூற்றாண்டில், இந்திய அஞ்சல் துறை அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது.

வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்தும் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்னும் இரு மருந்துகள் எடுக்கப்படுகின்றன. இதைக் கேள்விப்பட்டு அதன் இலையை அரைத்துக் குடிப்போர் சிலர் இருக்கின்றனர். அது கூடவே கூடாது. மருந்தாகும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே உள்ள தூரம் மயிரிழையே. நாட்டு மருந்து, கஷாயம், சூரணம் எதுவாயினும் கீமோதெரபி நடக்கும் நாட்களில் மருத்துவரிடம் சொல்லாமல் உட்கொண்டால் கல்லீரலும் சிறுநீரகமும் கெட வாய்ப்புண்டு.

தமிழ்நாட்டில் இச்சிகிச்சைக்கு வித்திட்டது சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம். தங்கையைப் புற்றுநோய்க்கு இழந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் 12 படுக்கைகளுடன் அது தொடங்கியது. மறு ஆண்டு அங்கே சேர்ந்த டாக்டர் வி. சாந்தா, 2021 ஜனவரியில் மறையும் வரை அதன் வளாகத்தையே இல்லமாகக் கொண்டு வாழ்ந்தார். கேரளத்தில் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் 1981-இல் டாக்டர் எம். கிருஷ்ணன் நாயரைக் கொண்டு உருவானது. 2020-இல் கொரோனா ஊரடங்கின்போது நோயாளிகள் தலைநகர் வரை செல்ல இயலாமற் போகவே, மாவட்ட மருத்துவமனைகள் பலவற்றில் கீமோதெரபி ஏற்றும் வசதி விரிவாக்கப்பட்டது. அதனால் எல்லைப்புறத்து மக்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "எங்கள் மருந்தை வீட்டுக்கு அருகில் ஏற்ற முடியுமா?" என்பதே.

எதைப் பொறுப்பது, எதைச் சொல்வது

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் சிறிய தென்னந்தோப்பு வைத்திருக்கும் முதியவர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். நாள்தோறும் கீதை ஓதுகிறவர். முதல் கீமோவுக்காகக் கட்டிலில் படுத்திருக்கிறார். கையில் ஊசி குத்தி மருந்து இறங்கத் தொடங்கிச் சிறிது நேரத்தில் அவ்விடம் எரிகிறது. "மருந்தென்றால் எரியத்தான் செய்யும், சிஸ்டரை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும்" என்று கண்ணை மூடி நாமஜபம் செய்கிறார். அவரைப் பார்ப்பவர் மெச்சுவர். ஆனால் சில மருந்துகள் இரத்தக் குழாயை விட்டு வெளியே கசிந்தால் சதையையே புண்ணாக்கிவிடும். எரிச்சல், வீக்கம், மூச்சுத் திணறல், நெஞ்சு இறுக்கம், உடல் அரிப்பு இவற்றில் எது தோன்றினாலும் அந்த நொடியே சொல்ல வேண்டும். செவிலியர் அடிக்கடி வந்து கேட்பதன் காரணமே அதுதான்.

அவர் செய்ததை விவேகசூடாமணியின் இலக்கணத்தோடு ஒப்பிட்டால், புலம்பவில்லை, நல்லது. கவலைப்படவில்லை, நல்லது. ஆனால் சொல்லாமல் இருந்ததற்கு அந்த நூல் பொறுப்பாகாது. புலம்பல் வேறு, தகவல் வேறு. "கை எரிகிறது, பாருங்கள் சிஸ்டர்" என்று சொல்வதில் புலம்பல் எதுவும் இல்லை. போர்க்களத்தில் காயம் எங்கே பட்டதென்று சாரதியிடம் சொல்லாத வீரனால் சாரதிக்குத்தான் இடர்.

அப்படியானால் எதைத்தான் பொறுப்பது? முடி உதிர்வதைப் பொறுக்கலாம். சில மருந்துகளுக்கு இரண்டு மூன்று வாரத்தில் அது தொடங்கும். சிகிச்சை முடிந்தபின் பெரும்பாலும் மீண்டும் வளரும். நாக்கில் சோறு மண்ணாகவும் தண்ணீர் இரும்பாகவும் சுவைப்பதைப் பொறுக்கலாம். நடந்தால் கால் துவள்வதை, மருத்துவமனையில் முறை வரும் வரை காத்திருக்கும் நேரத்தை, நலம் கேட்க வந்து அழுதுவிட்டுப் போகும் உறவினரைப் பொறுக்கலாம். (இவற்றுள் கடைசியானது கடினம் என்று பலரும் சொல்லுகின்றனர்.) டாக்ஸோரூபிசின் போன்ற சிவப்பு மருந்து ஏற்றிய ஓரிரு நாட்களுக்குச் சிறுநீர் சிவந்து போவதும் அஞ்சத்தக்கது அன்று; மருந்தின் நிறமே அது.

வாந்தியைப் பொறுக்க வேண்டிய அவசியமே இல்லை. அதை அடக்க இன்று நல்ல மாத்திரைகள் உள்ளன. வாந்தி வந்தபின் விழுங்குவதைக் காட்டிலும், எழுதிக் கொடுத்தபடி முன்கூட்டியே உட்கொள்வதில்தான் அவற்றின் பயன் இருக்கிறது. மலைச்சாலையில் திரும்ப வேண்டியவர்கள் இதை மருத்துவரிடம் தனியே சொல்லிவைப்பது நலம். முதல் பயணத்தில் வளைவுதோறும் குமட்டியவருக்கு, அடுத்த முறை பேருந்தைக் கண்டதுமே குமட்டல் தொடங்கிவிடும். மனம் அப்படிப் பழகிக்கொள்கிறது.

குளிரும் வெப்பமும்

கீதை கூறும் குளிரும் வெப்பமும் இப்பகுதி நோயாளிகளுக்கு உவமையாக நிற்பதில்லை. நேரடியாகவே வந்து சேர்கின்றன. குடல் புற்றுநோய்க்குத் தரப்படும் ஆக்சாலிபிளாட்டின் என்னும் மருந்து, ஏற்றிய சில நாட்களுக்குக் குளிர்ச்சியைத் தாங்கவொட்டாது. குளிர்ந்த பாத்திரத்தைத் தொட்டால் விரலில் மின்சாரம் பாய்ந்தாற்போல் இருக்கும்; குளிர்ந்த நீரைக் குடித்தால் தொண்டை இறுகியதாகத் தோன்றும். மூணாற்றில் ஜனவரி விடியலில் வெப்பநிலை பூஜ்யத்தைத் தொடும் நாட்களும் உண்டு. அத்தகைய காலையில் லயத்துக்கு வெளியே உள்ள குழாயில் கைகழுவுவது எவ்வளவு துன்பம்! கையுறை, கம்பளிக் காலுறை, குடிக்கவும் கழுவவும் வெந்நீர், இவை அங்கே மருந்துக்கு நிகர். விரல்களில் மரத்த உணர்வு நாட்கணக்கில் நீங்காவிட்டால் கட்டாயம் சொல்ல வேண்டும். கொழுந்து எடுக்கும் விரல்களுக்கு உணர்வே முதல். மருத்துவர் அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ முடியும்; சட்டைப் பொத்தான் போட முடியாத நிலை வரும் வரை மறைத்துவைத்தால் அந்த வாய்ப்பும் குறைந்துவிடும்.

பாலக்காட்டுச் சமவெளியில் நிலைமை நேர்மாறு. மார்ச், ஏப்ரல் மாதங்களில் அங்கே வெப்பம் 40 டிகிரி செல்சியஸை எட்டும். வாந்தியோ வயிற்றுப்போக்கோ உள்ளவருக்கு அந்த வெப்பத்தில் உடலின் நீர் விரைவில் வற்றும். சிஸ்பிளாட்டின் போன்ற மருந்து ஏற்றியவருக்குச் சிறுநீரகம் காக்கப்பட நீர் மிகவும் தேவை. கொதித்து ஆறிய நீர், உப்பிட்ட கஞ்சி, உடனே காய்ச்சிய ரசம் ஆகியவற்றைச் சிறிது சிறிதாக, அடிக்கடி கொடுக்கலாம். ஒரு நாள் முழுவதும் எதுவும் வயிற்றில் தங்காவிட்டாலோ சிறுநீர் மிகக் குறைந்தாலோ மறுநாள் வரை காத்திருக்கலாகாது.

ஒன்பதாம் நாள் இரவு

கீமோ ஏற்றி ஏழு முதல் பதினான்கு நாட்களுக்குள் இரத்தத்தின் வெள்ளையணுக்கள் மிகக் கீழே இறங்குகின்றன. முதல் வாரத்து வாந்தியும் சோர்வும் நீங்கி, "ஆயிற்று, தப்பிவிட்டோம்" என்று வீட்டார் மூச்சுவிடும் நேரம் அது. உண்மையில் மிகுந்த விழிப்பு வேண்டிய நாட்கள் அவையே. அப்போது நுழையும் சிறு கிருமியையும் எதிர்க்க உடலில் படை இராது.

தோட்டத்து லயம் ஒன்றில் ஒன்பதாம் நாள் இரவு ஒரு தாய் நடுங்கத் தொடங்குகிறாள் என்று கொள்ளலாம். வெளியே மழை. மாமியார் எழுந்து கேட்கிறாள். "ஒன்றுமில்லை அத்தை, குளிர்தான். நீங்கள் படுங்கள்" என்று அவள் போர்வையை இழுத்துக்கொள்கிறாள். மற்றவரை எழுப்பக் கூடாது, பிள்ளைகளுக்குப் பள்ளி இருக்கிறது, கணவருக்கு விடியற்காலை வேலை. எத்தனையோ ஆண்டுகளாக அந்தக் குடும்பத்தைத் தாங்கி வந்த பொறுமை அது. அன்றிரவு மட்டும் அது அவளுக்கு எதிரி.

வெப்பமானியில் 100.4 டிகிரி பாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸ், காட்டினால் அது அவசர நிலை. கை வைத்துப் பார்ப்பது போதாது. பாராசிட்டமால் கொடுத்துக் காய்ச்சலை இறக்கிவிட்டுக் காலையில் பார்த்துக்கொள்வோம் என்பதும் கூடாது. காய்ச்சல் மறையும், கிருமி மறையாது. இரத்தம் சோதித்து ஊசிவழி ஆன்டிபயாடிக் ஏற்றக்கூடிய மருத்துவமனைக்கு அந்த நேரமே செல்ல வேண்டும். அங்குள்ளவர்களிடம் சொல்ல வேண்டிய முதல் சொற்றொடர், "இவருக்கு இத்தனையாம் தேதி கீமோ ஏற்றியது" என்பது. ஃபைல் கையில் இருக்க வேண்டும்.

இடுக்கியில் இது எளிதன்று. 2018 வெள்ளத்தில் மூணாற்றிலிருந்து மறையூர் செல்லும் சாலையின் பெரியவரைப் பாலம் இடிந்தது. 2020 ஆகஸ்டு 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து 70 உயிர்கள் போனபோது, மின்சாரமும் தொலைபேசியும் அற்றிருந்ததால் செய்தி மறுநாள் காலையில்தான் வெளியுலகை எட்டியது; பெரியவரையின் தற்காலிகப் பாலமும் அடித்துச் செல்லப்பட்டு மீட்பினர் சென்று சேரத் தாமதமாயிற்று. மூணாறு, பூப்பாறை இடையிலான கேப் ரோடும் மழைக்காலத்தில் சரிந்து அடைபட்டதுண்டு. ஆகவே ஜூன் முதல் ஆகஸ்டு வரை கீமோ தொடங்குகிறவர், இந்த வழி அடைபட்டால் எந்த மருத்துவமனை, இரவில் யாருடைய ஜீப், தொலைபேசி இல்லையெனில் தோட்டத்தில் யாரிடம் ஓட வேண்டும் என்பவற்றை முதல் ஊசிக்கு முன்பே முடிவு செய்து வைப்பது அவசியம். இயலுமானால் ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை தேனியிலோ போடியிலோ உள்ள உறவினர் வீட்டில் தங்கலாம். சம்பந்தி வீட்டில் எப்படித் தங்குவது என்ற கூச்சம் எழும். அந்தக் கூச்சத்தையும் பொறுத்துக்கொள்ள வேண்டியவற்றுள் சேர்க்கலாம்.

விரதமும் தீர்த்தமும்

வெள்ளையணு குறைந்த நாட்களில் கூட்டமான திருவிழாவுக்குச் செல்வது, காய்ச்சாத தீர்த்தம் பருகுவது, வெகுநேரம் திறந்திருந்த பிரசாதத்தை உண்பது ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். இதைச் சொல்ல வீட்டார் தயங்குவர். நோயாளி மனம் நோவார். தீர்த்தத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்வதிலும் குறைவில்லை. பிரசாதத்தைப் பிள்ளைகள் உண்ணலாம். ஏகாதசி உபவாசமும் அப்படியே. உடல் இளைத்தால் அடுத்த முறை மருந்தின் அளவே குறைக்கப்படும், அல்லது தள்ளிப்போடப்படும். வண்டிப்பெரியாறு, புல்மேடு வழியாகச் சபரிமலைக்கு ஆண்டுதோறும் நடந்தவர் ஓர் ஆண்டு வேண்டுதலை ஒத்திவைத்தால் ஐயப்பன் கணக்குக் கேட்கப் போவதில்லை. உடம்பை இறைவன் குடியிருக்கும் இடமென்று கண்டு அதைப் பேணச் சொன்னவர் திருமூலர்.

பழைய சோறு, முன்னாள் அரைத்த சட்னி, கடையில் வெட்டிவைத்த பழம் இவையும் அந்நாட்களுக்கு வேண்டாம். சூடாகச் சமைத்து அப்போதே உண்பது போதும்.

நோய் ஒட்டிக்கொள்ளும் என்று பேரக்குழந்தைகளைத் தள்ளிவைப்பது பெருந்தவறு. புற்றுநோய் தொற்றுவதில்லை. தாராளமாக மடியில் உட்காரலாம். சளி, காய்ச்சல் உள்ள குழந்தை மட்டும் சில நாள் தள்ளியிருக்கட்டும். அது பாட்டியைக் காப்பதற்காக. மருந்து ஏற்றிய இரண்டு நாட்களுக்கு வாந்தி, சிறுநீர் பட்ட துணிகளைக் கையுறையுடன் தனியே அலசுவது பணிவிடை செய்பவருக்கு நல்லது.

வீட்டாரின் மௌனம்

சொல்லாமை நோயாளியிடம் மட்டும் காணப்படுவதன்று. "கட்டி கரைய மருந்து" என்று கூறியே பலரையும் அழைத்துச் செல்கின்றனர். அன்பினால்தான் அவ்வாறு செய்கின்றனர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் மருத்துவமனை வாசலில் பலகை இருக்கிறது. பக்கத்துக் கட்டிலில் முடியிழந்தவர் இருக்கிறார். உண்மை எப்படியும் தெரிந்துவிடும். அப்போது நோயாளி, தமக்குத் தெரியும் என்பதை வீட்டாரிடம் மறைக்கத் தொடங்குகிறார். இரு பக்கமும் நடித்துக்கொண்டு ஒரே அறையில் இருப்பதைப் போல் களைப்புத் தருவது வேறில்லை. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன், மலையாளமோ ஆங்கிலமோ தெரியாத நோயாளிக்கு அதைத் தமிழில் விளக்கிச் சொல்லும்படி கேட்பது அவரது உரிமை. மாத்திரைகளின் நேரத்தைத் தமிழில் எழுதித் தரும்படியும் கேட்கலாம்.

நோயை மறைக்காமல் வாழ்ந்தவர் ஒருவரைக் கேரளம் நன்கறியும். திரைப்பட நடிகர் இன்னசென்ட்டுக்கு 2012-இல் புற்றுநோய் கண்டது. கீமோதெரபி பெற்றுத் தேறியபின் அந்த நாட்களைப் பற்றி 'கேன்சர் வார்டிலே சிரி' என்னும் மலையாள நூலை எழுதினார். அவருடைய மனைவிக்கும் அந்நோய் வந்தது. அதையும் அவர் மறைக்கவில்லை. 2014-இல் சாலக்குடித் தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு ஐந்தாண்டு பணியாற்றினார். 2023 மார்ச் 26 அன்று காலமானார். முதல் கீமோவுக்கும் அந்த நாளுக்கும் இடையில் அவருக்கு வாழவும் சிரிக்கவும் கிடைத்தவை பத்தாண்டுகளுக்கும் மேல்.

உதவி பெறுவதிலும் கூச்சம் வேண்டாம். கேரளத்துக் குடும்ப அட்டைக்குக் காருண்யா ஆரோக்கிய சுரக்ஷா பத்ததியும், தமிழ்நாட்டு அட்டைக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் உள்ளன. எல்லை தாண்டிச் சிகிச்சை பெறுவோர் எது எங்கே செல்லும் என்பதை முதல் நாளுக்கு முன்பே மருத்துவமனையில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். சிகிச்சைக்காக இரயிலில் செல்லும் புற்றுநோயாளிக்குப் படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்குக் குளிர்சாதன வகுப்பிலும் முழுக் கட்டணமும், துணைவருக்கு முக்கால் பங்கும் தள்ளுபடி உண்டு. அதற்குரிய சான்றை மருத்துவர் எழுதித் தருவார். இடுக்கியில் இரயில் இல்லையெனினும், 2023 ஜூன் முதல் போடிநாயக்கனூரிலிருந்து மதுரைக்கும் சென்னைக்கும் இரயில் ஓடுகிறது. கேரளத்து ஊராட்சிகளில் வீடு தேடி வரும் பாலியேட்டிவ் செவிலியர் இருக்கிறார். அவர் வந்தால் முடிவு நெருங்கிவிட்டது என்று பொருளன்று. வாய்ப்புண்ணுக்கும் வலிக்கும் வழி சொல்லவும் அவர் வருவார்.

மூன்று வாரம் கழித்து அதே தாய் இரண்டாம் முறைக்குப் புறப்படுகிறாள். தலையில் பருத்தித் துணி கட்டியிருக்கிறாள். பையில் ஃபைல், வெந்நீர்க் குடுவை, வெப்பமானி, ஒரு நோட்டுப் புத்தகம். அதில் அவளுடைய மகள் நாள்தோறும் எழுதியிருக்கிறாள்: எத்தனை முறை வாந்தி, எத்தனை டிகிரி, என்ன சாப்பிட்டாள், எந்த விரல் மரத்தது. மருத்துவர் அதைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்து, ஓர் இடத்தில் விரலை வைத்து, "இதைச் சொல்லுங்கம்மா, அன்று இரவு என்ன நடந்தது?" என்று கேட்கிறார். அவள் சொல்லத் தொடங்குகிறாள்.